இரும்பைப் படித்த ஹீத் துரை

கொல்லிமலையில் திருப்புலி நாடு என்று ஒரு நாடு உண்டு. மலைவாசிகளின் ஊர்கள் பல சேர்ந்தது ஒரு நாடு. இந்தக் கொல்லிமலையிலும், சேலத்தை அடுத்த கஞ்சமலையிலும் கறுப்புக் கல் வரிவரியாகக் கிடக்கிறது. கையில் எடுத்தால் கனக்கும். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். அது இரும்புக் கல்!

சேலம் சீமையின் இந்தக் கல்லை நம்பி, கைப்பொருளை எல்லாம் இழந்தார் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

கொல்லர்களிடம் கற்ற பாடம்

ஹீத் துரை கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். சேலத்தில் கம்பெனியின் வியாபாரத்தைக் கவனித்து வந்தார். அப்போது நாட்டுக் கொல்லர்கள் உருக்குச் செய்வதைக் கூர்ந்து பார்த்தார்.

கொல்லர்கள் களிமண்ணில் உமியைக் கலந்து சிறிய மூசை செய்வார்கள். அதில் இரும்புத் துண்டுகளைப் போடுவார்கள். உலர்ந்த ஆவாரங்குச்சியையும் சேர்ப்பார்கள். மேலே எருக்கிலையைப் பரப்பி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். பிறகு கரி உலையில் வைத்துத் துருத்தி ஊதுவார்கள். குச்சியிலும் இலையிலும் உள்ள கரிச்சத்து இரும்பில் ஏறும். இரும்பு உருக்காக மாறும்.

எதனுடன் எதைச் சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இதை ஹீத் நன்றாகப் புரிந்துகொண்டார்.

பரங்கிப்பேட்டை ஆலை

1830-ஆம் ஆண்டு. கடலோரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில் ஹீத் பெரிய இரும்பு ஆலையைத் தொடங்கினார். சேலத்துக் கல் அங்கே போய்ச் சேர்ந்தது. மரக்கரியால் அதை உருக்கினார்கள்.

நிலக்கரியில் கந்தகம் உண்டு. அது இரும்பில் ஏறினால், காய்ச்சி அடிக்கும்போது இரும்பு வெடிக்கும். மரக்கரியில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆகவே பரங்கிப்பேட்டை இரும்பு உருக்குச் செய்ய ஏற்றதாக இருந்தது. கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போயிற்று. வேல்ஸ் நாட்டில் 1850-இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்திலும் அது பயன்பட்டது.

ஆனால் லாபம் வரவில்லை. உலைக்கு ஓயாமல் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். பக்கத்துக் காடுகள் குறையக் குறைய, கரியின் விலை ஏறியது. நல்ல கல்லைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கரி கைகொடுக்கவில்லை. பின்னர் வேறு கம்பெனி எடுத்து நடத்தியும் ஆலை நிலைக்கவில்லை.

ஒரு பிடி மாங்கனீஸ்

ஹீத் மனம் தளரவில்லை. இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரம் உருக்குக்குப் பெயர் போனது. அங்கே போனார். நல்ல உருக்குக்கு ஸ்வீடன் தேசத்து இரும்பை அதிக விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். உள்நாட்டு இரும்பு மட்டமானது.

ஹீத் ஒரு வழி கண்டார். மூசையில் சிறிதளவு மாங்கனீஸ் சேர்த்தார். மட்டமான இரும்பும் நல்ல உருக்காயிற்று! 1839-இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். உருக்கின் விலை மளமளவென்று இறங்கியது.

அங்கேதான் வினை வந்தது. மாங்கனீஸையும் கரியையும் முன்னதாகவே காய்ச்சி ஒன்றாக்கி, அந்தப் பொருளை மூசையில் இடுவது என்று பத்திரத்தில் எழுதியிருந்தார் ஹீத். மாங்கனீஸ் மண்ணையும் கரிப்பொருளையும் தனித்தனியே போட்டாலும் அதே பலன் கிடைக்கும், செலவும் குறைவு என்று பிறகு தெரிந்தது. அவருடைய ஏஜெண்டே அந்த முறையைக் கையாண்டார். இது பத்திரத்தில் இல்லை, பணம் தரமாட்டோம் என்று வாதாடினார்கள்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. பணம் கரைந்தது. 1851-இல் ஹீத் இறந்தார். வழக்கு அப்போதும் முடியவில்லை. 1855-இல் கடைசித் தீர்ப்பு வந்தது. அதுவும் அவருக்குப் பாதகமாகவே இருந்தது!

பட்டறையில் வாழ்கிறார்

ஆனால் அவர் சேர்த்த சரக்கு மறையவில்லை. இன்று லேத் பட்டறைக்கு வரும் உருக்குக் கம்பி அநேகமாக எல்லாவற்றிலும் மாங்கனீஸ் உண்டு. போல்ட்டு, திருகாணி கடைவதற்கென்றே ஒருவகை உருக்குச் செய்கிறார்கள். அதில் கந்தகத்தை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். கடையும்போது சீவல் நீளமாகச் சுற்றிக்கொள்ளாமல் உடைந்து விழும். அந்தக் கந்தகம் கெடுதல் செய்யாமல் கட்டிவைப்பது மாங்கனீஸ்தான்.

அதே கம்பியைக் காய்ச்சிப் பற்றவைக்கும் வேலைக்கு எடுத்தால், பற்றிய இடம் வெடித்துப்போகும். பார்வைக்கு எல்லாக் கம்பியும் ஒன்றுதான். உள்ளே இருப்பது வேறு. அதை அறிந்து வாங்குபவனுக்கே வேலை கெடாது. சேலத்துக் கொல்லர்கள் அதை அறிந்திருந்தார்கள். ஹீத் துரை அதை அவர்களிடம் கண்டறிந்தார்.