1,000 கி.மீ.க்கு மெக்கானிக்கே கிடையாது... ஃபோர்டு காரில் மணல்கடலைக் கடந்த பேக்னால்ட் கையோடு எதை எடுத்துப் போனார்?

லடாக், ஸ்பிட்டி என்று கிளம்புகிறவர்களின் பேக்கிங் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். தரையில் ஒரு பாயை விரித்து, ஸ்பேனர் செட், ட்யூப், கிளட்ச் கேபிள், ஏர் பம்ப், டார்ச் என்று வரிசையாக அடுக்கி, மேலே இருந்து ஒரு ஷாட். பொருள் கூடக் கூட லைக்ஸும் கூடும்.

ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பு இதே கேள்வி ஒரு ராணுவ இன்ஜினீயர் முன்னால் வந்து நின்றது. அவர் போக நினைத்த இடத்தில் ரோடு இல்லை, ஊர் இல்லை, சில இடங்களுக்கு மேப்கூட இல்லை. வண்டி நின்றுபோனால் தேடி வர யாரும் இல்லை. அவர் எதையெல்லாம் எடுத்துப் போனார் என்பதைவிட, எதையெல்லாம் கழற்றி வீசிவிட்டுப் போனார் என்பதுதான் சுவாரஸ்யம்.

யார் இந்த ரால்ஃப் பேக்னால்ட்?

1896-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். அப்பாவும் ராணுவ இன்ஜினீயர்தான். அக்கா ஈனிட் பேக்னால்ட் பிற்காலத்தில் பெயர் பெற்ற எழுத்தாளர். முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் போர்முனைகளில் பதுங்குகுழி வாழ்க்கை. போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங் படிப்பு, மறுபடியும் ராணுவம். 1920-களின் நடுவில் எகிப்துக்கு மாற்றல் கிடைத்தது. கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கெய்ரோவில் இருந்த மற்ற அதிகாரிகள் லீவு கிடைத்தால் போலோ, கிளப் என்று போவார்கள். பேக்னால்டும் சில நண்பர்களும் பழைய ஃபோர்டு மாடல் டி கார்களை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் போனார்கள். அரசு உத்தரவும் இல்லை, ஸ்பான்சரும் இல்லை. சொந்தச் சம்பளம், சொந்த லீவு. முதலில் சினாய், பிறகு மேற்கே சிவா பாலைவனச் சோலை.

அதற்கும் அப்பால் இருந்தது லிபியப் பாலைவனம். சஹாராவின் கிழக்குப் பகுதி. அதில் ‘பெரும் மணல்கடல்’ என்று ஒரு பகுதி உண்டு. சுமார் 72,000 சதுர கி.மீ. பரப்பு, அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். முழுக்க மணல். சில மேடுகள் 100 மீட்டர் உயரம். மோட்டார் வண்டி அதற்குள் போக முடியாது என்பதே அன்று பலரின் நம்பிக்கை. எகிப்து இளவரசர் கமால் எல் தின், டேங்க் போலப் பட்டை ஓடும் சிட்ரோயன் வண்டிகளை வைத்து 1920-களில் தென்மேற்கே வெகுதூரம் போய்வந்தார். ஆனால் அவர் இளவரசர், அவரிடம் பணம் இருந்தது. பேக்னால்டிடம் இருந்தது கடையில் கிடைக்கும் சாதாரண ஃபோர்டு.

ஏன் ஃபோர்டு?

மலிவு என்பது ஒரு காரணம்தான். 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் தயாராயின. ஒரு காரின் பாகம் இன்னொரு காரில் அப்படியே பொருந்தும். கிராமத்துக் கொல்லர்கூடப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எளிமையான வண்டி. இரண்டு மூன்று கார்கள் ஒரே மாதிரியானவை என்றால், ஸ்பேர் பார்ட்ஸ் ஒரு செட் போதும். நிலைமை ரொம்ப மோசமானால், கைவிட வேண்டிய காரே மற்ற கார்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. டிரிப்புக்குப் போகும் கூட்டத்தில் ஆளுக்கொரு மாடல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மாடல் டி-க்குப் பிறகு வந்த மாடல் ஏ இன்னும் வலுவானது. 1929-லிருந்து பேக்னால்ட் அதற்கு மாறினார்.

எடைதான் எதிரி

இதுதான் அவருடைய கணக்கின் மையம். அன்றைய பெட்ரோல் டின் ஒன்றில் 18 லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் மட்டும் 13 கிலோவுக்கு மேல். தண்ணீர் 18 லிட்டர் என்றால் 18 கிலோ. வண்டியில் எடை ஏறினால் சக்கரம் மணலில் புதையும். புதைந்தால் லோ கியரில் இன்ஜினை அலறவிட்டு ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ரேடியேட்டர் கொதித்துத் தண்ணீர் போகும். அதைச் சமாளிக்க இன்னும் கொஞ்சம் பெட்ரோல், இன்னும் கொஞ்சம் தண்ணீர்... மறுபடியும் எடை!

அதனால், ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று எடுத்து வைக்கும் ஒரு ஸ்பேர் பார்ட் சும்மா உட்கார்ந்து வராது. அது தன் எடைக்கான பெட்ரோலையும் தண்ணீரையும் சாப்பிட்டுக்கொண்டேதான் வரும். காரிலிருந்து தேவையில்லாத பாடியைக் கழற்றிவிட்டு, சாமான் ஏற்ற லேசான மரப்பெட்டி போன்ற பின்பகுதியைப் பொருத்தினார்கள். டயரில் காற்றைக் குறைத்தார்கள். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி, அதிக இடத்தில் எடை பரவும். இன்று ஆஃப்ரோடு ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த முதல் பாடம் இது.

தண்ணீரை மிச்சம் பிடித்த டப்பா

பழைய கார்களில் ரேடியேட்டர் கொதித்தால் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக ஆவி வெளியே போய்விடும். பாலைவனத்தில் அது குடிதண்ணீரைத் தரையில் கொட்டுவதற்குச் சமம். அந்தக் குழாயை நீட்டி, வண்டிக்கு வெளியே பொருத்திய ஒரு டப்பாவுக்குள் விட்டார்கள். டப்பாவில் பாதி தண்ணீர். ஆவி அதற்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகும். டப்பாவும் கொதிக்க ஆரம்பித்தால் வண்டியைக் காற்றடிக்கும் திசையைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவார்கள். ரேடியேட்டர் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, டப்பாவில் இருக்கும் தண்ணீரைக் களகளவென்று திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

இன்று உங்கள் காரின் பானெட்டைத் திறந்தால் தெரிகிற கூலன்ட் பாட்டில் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ஆனால் இந்த ஐடியா முழுக்க பேக்னால்டுடையது இல்லை. முதல் உலகப் போரின்போது எகிப்தின் மேற்கு எல்லையில் மாடல் டி கார்களில் ரோந்து போன படைப்பிரிவினர் இதையும் வேறு சில உத்திகளையும் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலானோர் அதை மறந்துவிட்டார்கள். பேக்னால்ட் தேடிப்பிடித்து மெருகேற்றினார்.

பழைய இரும்புக் கடையில் கிடைத்த பொக்கிஷம்

மணலில் சிக்கிய காரை வெளியே எடுக்க அவர்களிடம் இருந்த முக்கியமான டூல் புத்தம்புதியது அல்ல. கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் பேக்னால்ட் கண்ணில் பட்ட, ஒன்றரை மீட்டர் நீள ஸ்டீல் தகடுகள். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடச் செய்தவை. பின்சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி இந்தத் தகட்டைச் செருகினால், சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். கார் அதே வேகத்தில் கெட்டியான தரை வரை ஓடும். மற்றவர்கள் தகட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவார்கள். ஒரே நாளில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். இன்று ஆன்லைனில் ஆரஞ்சு நிறத்தில் விற்கிற பிளாஸ்டிக் பலகைகளுக்குத் தாத்தா இந்தத் தகடுதான்.

இன்னொரு கருவியும் உண்டு: சூரியத் திசைகாட்டி. காரின் இரும்பு காந்த ஊசியைக் குழப்பிவிடும். சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் காரை நிறுத்தி, இறங்கி, தள்ளிப் போய் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாக, டிகிரி குறித்த ஒரு வட்டத் தகடு. நடுவே செங்குத்தாக ஒரு ஊசி. ஊசியின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, ஓட்டிக்கொண்டே திசையைப் பிடிக்கலாம். எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை ஓடோமீட்டர் சொல்லும். ராத்திரி நட்சத்திரங்களை அளந்து இருக்கிற இடத்தைச் சரிபார்ப்பார்கள். எங்கே நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் கைநிறைய ஸ்பேர் பார்ட்ஸ் இருந்தும் பயன் இல்லை. என்னைக் கேட்டால் டூல் பெட்டியில் முதல் பொருள் இதுதான் என்று பேக்னால்ட் குழுவில் யாரும் சொல்லியிருக்கக்கூடும்.

இடையில் அவருக்கு இந்தியாவுக்கு மாற்றல் வந்தது. ஆனாலும் பயணம் நிற்கவில்லை. 1929, 1930 என்று அடுத்தடுத்து எகிப்து திரும்பி மணல்கடலுக்குள் நுழைந்தார். மணல்மேட்டைக் கண்டு பயந்து மெதுவாக ஏறினால் புதைந்துபோகும், நேராக வேகமெடுத்து மோதினால் ஏறிவிடும் என்பதை ஓட்டிப் பார்த்தே கண்டுபிடித்தார். 1932-ல் லிபியப் பாலைவனத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்த முதல் மோட்டார் பயணம் அவருடையது. 1934-ல் ராயல் ஜியோகிராஃபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் தந்தது. 1935-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு. வீட்டோடு உட்காராமல், மணல் காற்றில் எப்படி நகர்கிறது என்று ஆராய லண்டனில் சொந்தமாக ஒரு காற்றுக் குகையைக் கட்டி ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஆறு வாரத்தில் ஒரு படை

இரண்டாம் உலகப் போர் அவரை மறுபடியும் எகிப்துக்குக் கொண்டுவந்தது. பாலைவனத்துக்குள் போய் உளவு பார்க்க ஒரு சிறு படை வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். இரண்டு முறையும் நிராகரித்துவிட்டார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் ஜெனரல் வேவலிடம் யோசனை நேராகப் போனது. பின்னாளில் இந்தியாவின் வைஸ்ராயாக வந்த அதே வேவல்தான். உடனே ஓகே. கொடுத்த அவகாசம் ஆறே வாரம்.

பிறந்தது ‘லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்’. பேக்னால்ட் தேர்ந்தெடுத்தது ஃபோர்வீல் டிரைவ் ராணுவ வண்டியை அல்ல. எடை குறைந்த, டூவீல் டிரைவ் ஷெவர்லே லாரியை. அலெக்ஸாண்ட்ரியாவில் விற்பனைக்கு இருந்த 14 லாரிகளும், எகிப்து ராணுவத்திடம் கேட்டு வாங்கிய 19 லாரிகளும் வந்து சேர்ந்தன. கதவு, கண்ணாடி, கூரை எல்லாம் கழன்றன. ஸ்ப்ரிங் பட்டை கூடுதலாக ஏறியது. ஆவி டப்பா, சூரியத் திசைகாட்டி, மணல் தகடு என லீவு நாள் ஃபோர்டில் பழகியதெல்லாம் அப்படியே இங்கே வந்துவிட்டன. பூட்ஸில் மணல் புகும் என்பதால் காலுக்கு என்ன? இந்தியாவின் வடமேற்கு எல்லையில் போடும் தோல் சப்பலி!

ஆட்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் பேக்னால்டின் புத்தி தெரிகிறது. நியூசிலாந்து படையிலிருந்து தொண்டர்களைக் கேட்டார். நிறையப் பேர் பண்ணை விவசாயிகள். டிராக்டர் நின்றால் டவுனுக்கு ஆள் அனுப்பாமல் தாங்களே பிரித்து மாட்டிப் பழகியவர்கள். ஒவ்வொரு ரோந்துக் குழுவிலும் வழிகாட்டி, ரேடியோக்காரர், மருத்துவ உதவியாளர் ஆகியோரோடு ஒரு மெக்கானிக்கும் போவார். வெறும் ஸ்பேர் பார்ட் எதையும் சரிசெய்யாது. அதை மாட்டத் தெரிந்த கை வேண்டும். பாயை விரித்து ஷாட் எடுக்கிற வீடியோக்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் வருவதில்லை.

வண்டி போனால் என்ன ஆகும்?

1941 ஜனவரி கடைசி. தெற்கு லிபியாவில் ஜெபல் ஷெரிஃப் என்ற இடத்தில் ஒரு ரோந்துக் குழுவை இத்தாலியப் படை மடக்கியது. மூன்று லாரிகள் எரிந்தன. பாறைகளுக்குள் ஒளிந்து தப்பிய நான்கு பேரில் ஒருவர் ரொனால்ட் மூர். அவர்களிடம் இருந்தது ஒரு தண்ணீர் டின்; அதிலும் குண்டு துளைத்த ஓட்டை. மிஞ்சியது எட்டு லிட்டர் அளவு. சாப்பாடு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. சிலருக்குக் காயம்.

சரணடையலாம் என்ற வழி இருந்தும், தங்கள் லாரிகள் வந்த டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். பத்து நாள், 330 கி.மீ.க்கும் மேல். பிரெஞ்சுப் படையினர் கண்டுபிடித்தபோது மூர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். நால்வரில் ஒருவர், காப்பாற்றப்பட்ட பிறகும் பிழைக்கவில்லை. பேக்னால்ட் ஏன் ஒவ்வொரு கிலோவையும் கணக்குப் பார்த்தார் என்பது இந்தச் சம்பவத்தைப் படித்தால் புரியும். அந்த நிலத்தில் மனிதனுக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது ஓடுகிற ஒரு வண்டிதான்.

அதே வருஷம் ஆகஸ்டில் பேக்னால்ட் படையின் பொறுப்பை, பழைய பயணத் தோழர் கய் பிரெண்டர்காஸ்ட்டிடம் ஒப்படைத்தார். மணல் நகர்வதன் இயற்பியல் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்ததும் அதே 1941-ல்தான். அந்தத் துறையில் இன்றும் அதைப் புரட்டாமல் யாரும் ஆரம்பிப்பதில்லை. 1944-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1990-ல், 94 வயதில் காலமானார்.

அவருடைய பெயர் இப்போது செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறது. அங்கே கேல் பள்ளத்தில் உள்ள கருமணல் மேடுகளுக்கு நாசா வைத்த பெயர் பேக்னால்ட் மேடுகள். 2015 நவம்பரில் கியூரியாசிட்டி ரோவர் அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே கூர்மையான பாறைகள் குத்தி அதன் அலுமினியச் சக்கரங்களில் ஓட்டை விழ ஆரம்பித்திருந்தது. ஸ்டெப்னி கிடையாது, மாட்டிவிட மெக்கானிக்கும் கிடையாது. பூமியில் இருக்கும் இன்ஜினீயர்கள் பாறை குறைந்த பாதையாகத் தேடி, சக்கரத்துக்கு அழுத்தம் குறையும்படி சாஃப்ட்வேரை மாற்றி, வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.