கேம் இன்ஜினுக்கு முன்பே 'வேர்ல்டு கோஆர்டினேட்' தேடியவர்: யார் இந்த வில்லியம் லாம்டன்?

1799, நான்காம் மைசூர்ப் போர். ஓர் இரவு, ஜெனரல் பேர்டின் படை சரியான பாதையில் போவதாக நினைத்து நடந்துகொண்டிருந்தது. கூட வந்த ஓர் அதிகாரி வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்களின்படி அவர்கள் போவது தெற்கே அல்ல, வடக்கே. அதாவது, நேராக திப்பு சுல்தானின் முகாமுக்கு! பேர்ட் முதலில் நம்பவில்லை. திசைகாட்டியைப் பார்த்த பிறகுதான் படை திரும்பியது.

அந்த அதிகாரிதான் வில்லியம் லாம்டன். படைக்கு 'முன்னால்' என்று ஒரு திசை இருந்தது. உலகத்துக்கு வேறொரு திசை இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊருக்குள் ஒரு கணக்கு

யூனிட்டி போன்ற கேம் இன்ஜினில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. ஒரு மெஷ்ஷின் புள்ளிகள் எல்லாம் அந்தப் பொருளின் சொந்த மையத்திலிருந்து அளந்து வைக்கப்பட்டிருக்கும். இது லோக்கல் கோஆர்டினேட். கேம் உலகத்தில் அது எங்கே நிற்கிறது என்பது வேர்ல்டு கோஆர்டினேட்.

உத்திரமேரூரில் இதற்கு ஆயிரம் வருடப் பழைய உதாரணமே இருக்கிறது. குடவோலைக் கல்வெட்டுக்குப் பேர்போன அந்த ஊரின் சோழர் காலக் கல்வெட்டுகள், ஒரு நிலத்தை இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதுக்கம் என்று சொல்கின்றன. ஊருக்குள் துல்லியமான கணக்கு. ஆனால், ஊரே பூமியில் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்லும் வேலையைத்தான் லாம்டன் கையில் எடுத்தார்.

பரங்கிமலையில் ஆரம்பம்

1753 வாக்கில் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் லாம்டன். ராணுவத்தில் சேர்ந்து, அமெரிக்கச் சுதந்திரப் போரில் 1781-ல் கைதியானார். பிறகு கனடாவில் பல வருடங்கள். கணிதத்தைப் பெரும்பாலும் தானே படித்துக்கொண்டார். 1790-களின் பிற்பகுதியில் இந்தியா வந்தார்.

1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி இரும்புச் சங்கிலியை 400 முறை வைத்து அளக்க 57 நாள் ஆனது. வெயிலில் இரும்பு நீளுமே? அதனால் கூடவே தெர்மாமீட்டரும் வைத்தார்கள். ஸ்கேல் தப்பினால் அதன்மேல் கட்டும் எல்லாம் தப்பிவிடும்.

அதன் பிறகு முக்கோணங்கள். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்குப் போட்டுவிடலாம். உத்திரமேரூருக்கு அந்தப் பக்கம், மதுராந்தகம் அருகே உள்ள கருங்குழியும் அவருடைய நிலையங்களில் ஒன்று. 1804-ல் பெங்களூரில் இன்னொரு அடிக்கோட்டை நேரில் அளந்து சரிபார்த்தார். கணக்குக்கும் அளவுக்கும் இடையே வித்தியாசம் சில அங்குலங்கள்தான்!

மூன்றே படிகள்

கேம் இன்ஜினும் மூன்று விஷயங்களைத்தான் கேட்கிறது: அளவு, திசை, இடம்.

ஒரு குளத்தின் மாடலில் ஒரு மூலை, மையத்திலிருந்து கிழக்கே 3 அலகு என்று வைத்துக்கொள்வோம்.

• ஸ்கேல் 2: கிழக்கே 6 ஆகிவிடும்.
• இடப்பக்கம் 90 டிகிரி சுழற்சி: அது வடக்கே 6 ஆகிவிடும்.
• குளத்தின் மையம் உலகத்தில் கிழக்கே 100, வடக்கே 50: மூலையின் இடம் (100, 56).

திரும்பி லோக்கலுக்கு வர, எல்லாம் தலைகீழ். முதலில் இடத்தைக் கழிக்கணும், பிறகு எதிர்ப்பக்கம் சுழற்றணும், கடைசியில் 2-ஆல் வகுக்கணும். இடத்தைக் கழிப்பதைக் கடைசிக்குத் தள்ளினால் மூலை வேறெங்கோ போய் நிற்கும்.

தஞ்சையில் விழுந்த கருவி

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது அது மோதிச் சேதமானது. கோணம் காட்டும் வட்டமே நெளிந்துவிட்டது. அதை வைத்து அளந்தால் இனி எல்லா ஊரும் கொஞ்சம் திரும்பித்தான் விழும். லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, சுமார் ஆறு வாரம் செலவழித்து அந்த வட்டத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

இந்த வேலை கம்பெனி ஆட்சிக்கு நாட்டின் மேல் பிடியை இறுக்கவும் உதவியது என்பதை மறக்க முடியாது. கருவியைச் சுமந்து மலையேறிய நம்மூர் ஆட்கள் பலரின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

1823 ஜனவரி 20-ல், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், சர்வே பணியில் இருக்கும்போதே லாம்டன் இறந்தார். பணியைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்குப் பெயர் வாய்த்தது அவருக்குத்தான்.

இன்று பழைய இந்திய வரைபடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே போன் ஜிபிஎஸ்ஸில் போட்டால், புள்ளி 100 மீட்டருக்கும் மேல் தள்ளி விழக்கூடும். காரணம், இரண்டும் பூமிக்கு வெவ்வேறு வடிவத்தையும் மையத்தையும் வைத்துக்கொண்டவை. கேமில் அது ஒரு பக். உத்திரமேரூரில் அது பக்கத்து வீட்டுக்காரரின் வயல். எண்ணைப் பார்த்ததும் நகலெடுக்காமல், அது எந்த மையத்திலிருந்து அளந்த எண் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.