யோகநெறி காட்டிய நல்லூர் யோகர் சுவாமிகள்

1897ஆம் ஆண்டு தை மாதத்தில் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டு யாத்திரையை நிறைவு செய்து கொழும்பில் வந்திறங்கினார். கண்டியில் வரவேற்புப் பெற்று, புகைவண்டியில் நமது மாத்தளைக்கு வந்து ஓரிரவு தங்கி, மறுநாள் வண்டியில் வடக்கே புறப்பட்டார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சில்லு உடைந்து சில மணி நேரம் வழியில் தங்க நேர்ந்தது. அநுராதபுரம், வவுனியா கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்த விவேகானந்தர் அங்கே இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றி உரையாற்றினார். கேட்கக் கூடிய சனத்திரளில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவரே பின்னாளில் ஈழத்துச் சைவ உலகம் போற்றிய யோகர் சுவாமிகள்.

சுவாமிகள் 29.05.1872 அன்று மாவிட்டபுரத்தில், கந்தசுவாமி கோயிலுக்கு அண்மையில், அம்பலவாணருக்கும் சின்னாச்சி அம்மையாருக்கும் மகனாக அவதரித்தார். சதாசிவன் என்றும் யோகநாதன் என்றும் அழைக்கப்பட்டார். பத்து வயது நிரம்புமுன்னரே தாயை இழந்த பிள்ளையை மாமனாரும் மாமியாரும் வளர்த்தனர். படித்தது யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில். தந்தையார் மலைநாட்டில், மஸ்கெலியாவில் கடை வைத்திருந்தார். மகனும் அத்தொழிலைப் பார்க்க வேண்டுமென்று விரும்பினார். மகனுக்கோ வியாபாரத்தில் மனம் செல்லவில்லை. இல்லறமும் வேண்டாம், முதுசமும் வேண்டாம் என்று உறுதி கொண்டு, கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராகச் சேர்ந்தார்.

களஞ்சிய உத்தியோகம் பார்த்தவர்களுக்கே அதன் பாரம் தெரியும். ஏட்டில் உள்ள இருப்பும் அறையில் உள்ள இருப்பும் ஒத்துவர வேண்டும். ஓர் ஆணி குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. அத்தகைய வேலையைப் பகலில் பார்த்துக்கொண்டு, இரவிரவாகத் தியானத்தில் அமர்ந்திருப்பது அந்த இளைஞரின் வழக்கமாயிற்று. கட்டிலும் தலையணையும் அவர் பாவித்ததில்லை. கோயிலுக்குப் போக நேரமில்லை, தியானத்துக்கு நேரமில்லை என்று சொல்கின்ற நாம் இந்தக் கிளிநொச்சிக் காலத்தைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1905ஆம் ஆண்டளவில் நல்லூர்த் தேரடியில் அவருக்குக் குரு கிடைத்தார். ஊரார் பைத்தியக்காரன் என்று ஒதுக்கி வைத்திருந்த செல்லப்பா சுவாமிகளே அவர். வீதியால் போன இளைஞரைத் தேர்க்கொட்டகைக்குள் இருந்தபடியே அதட்டி, நீ யார் என்று வினவினார். எல்லோரும் அன்றாடம் கேட்கிற சாதாரணக் கேள்விதான் அது. அன்று அது பெயரையும் ஊரையும் கேட்பதாக அவருக்குப் படவில்லை. உள்ளே போய்த் தைத்தது. உத்தியோகத்தை விட்டுக் குருவின் பின்னே நடந்தார்.

ஐந்து ஆண்டுகள் வரை நீடித்த அப்பயிற்சி கடுமையானது. செல்லப்பர் பாடம் நடத்தவில்லை. கூட வந்தவர்களை ஏசுவார், நெடுந்தூரம் நடக்க வைப்பார். பசியோடு காத்திருக்கையில் சமைத்த சோற்றுப் பானையையே உடைத்து விடுவார் என்றும் சொல்வர். இறுதியில் சீடரைத் தம்மிடமிருந்து அனுப்பி விட்டார். சுவாமிகள் கதிர்காமத்துக்குக் கால்நடையாக யாத்திரை செய்தார். பின்னர் கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியில் வெயில் மழை பாராது அமர்ந்தார். மூன்று நாள் அசையாது தியானத்தில் இருப்பார், நான்காம் நாள் எழுந்து நடப்பார். அடியார் ஒருவர் வருந்தி அழைத்ததன் பேரில் அருகேயிருந்த சிறு கொட்டிலுக்குள் குடிபுகுந்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதுவே அவரது இருப்பிடம்.

கவனிக்க வேண்டியது இதுதான். தாம் பட்ட கடுந்தவத்தை அவர் பிறர் தலையில் ஏற்றவில்லை. காலையிலும் மாலையிலும் அந்தக் கொட்டிலுக்கு விவசாயியும் வந்தார், விரிவுரையாளரும் வந்தார், வழக்கறிஞரும் வந்தார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மாரும் வந்தனர். கற்பூரம் ஏற்றித் தேவாரம் பாடினர். சிலரைச் சுவாமிகள் அன்போடு இருத்தினார். சிலரை வாசலிலேயே ஏசிக் கலைத்ததும் உண்டு! உத்தியோகத்தையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு வரத் துடித்தவர்களில் பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்பினார். அவரவர் வேலையைச் சிவனுக்குச் செய்யும் தொண்டாக எண்ணிச் செய்தால் அதுவும் யோகமே என்பது அவர் காட்டிய வழி. அதற்குச் சிவதொண்டு என்று பெயரிட்டார். அதனோடு தினமும் சிறிது நேரம் சும்மா இருக்கப் பழகச் சொன்னார். சும்மா இருத்தல் என்பது சோம்பியிருத்தல் அன்று. ஓடுகின்ற மனத்தை அடித்து நிறுத்தாமல், அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உள்ளே அமர்ந்திருப்பதாகும்.

ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானப்படி 2015 முதல் யூன் 21ஆந் திகதி சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. உடலை வளைக்கும் ஆசனங்களே அன்று பெரிதும் கண்ணிற்படுகின்றன. அதுவும் நன்றே. ஆனால் முழங்கால் மடக்க முடியாத முதியவரும், விடியுமுன் எழுந்து கொழுந்தெடுக்கப் போகும் தாயும் யோகத்துக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர் என்பதைக் கொழும்புத்துறைக் கொட்டில் காட்டியது.

1935இல் ‘சிவதொண்டன்’ என்னும் திங்களிதழ் தொடங்கியது. சுவாமிகள் அவ்வப்போது பாடிய எளிய பாடல்கள் பின்னர் ‘நற்சிந்தனை’ என்னும் நூலாயின. 1940இல் காசிக்கும் சிதம்பரத்துக்கும் யாத்திரை சென்றார். எங்கெங்கோ தேடி வந்து கண்ட விசுவநாதர் தமக்குள்ளேயே இருந்தார் என்ற கருத்துப்பட அவர் காசியிலிருந்து அடியார்களுக்கு எழுதிய கடிதம் பிரசித்தமானது. 1953இல் யாழ்ப்பாணத்தில் சிவதொண்டன் நிலையம் எழுந்தது. அங்கே தியானத்துக்கும் புராண படனத்துக்கும் இடமுண்டு, வீண் பேச்சுக்கு இடமில்லை. கொழும்பு, கண்டி, மலைநாடு எங்கும் அடியார் வீடுகளுக்குச் சென்று வந்தார். மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மூத்த மகனும் அவரிடம் வந்து அடியாராகிச் சந்தசுவாமி எனப் பெயர் பெற்றார். பிரபுவின் மகனுக்கென்று அந்தக் கொட்டிலில் வேறு ஆசனம் இருக்கவில்லை.

1961இல் அவர் வளர்த்த வள்ளி என்ற பசு முட்டியதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஊரெல்லாம் நடந்து திரிந்த கால்கள் ஓய்ந்தன. சிகிச்சைக்குப் பின் கொழும்புத்துறைக்கே மீண்டு, இருந்த இடத்திலேயே அடியார்களுக்குக் காட்சி கொடுத்தார். 1964 பங்குனியில், ஆயிலிய நட்சத்திரத்தில், ஒரு புதன்கிழமை விடியற்புறம் மூன்றரை மணியளவில், தொண்ணூற்றோராவது வயதில் சிவபதம் அடைந்தார். பங்குனி ஆயிலியந்தோறும் அவருடைய குருபூசை நடைபெற்று வருகிறது.