பரிசளிப்பு விழாவில் அழுத சிறுவன் – நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்



இன்று நம் பள்ளியில் பரிசளிப்பு விழா. பேர் கூப்பிடக் கூப்பிடப் பிள்ளைகள் மேடையேறிப் பரிசு வாங்குகிறார்கள். நாமும் கைதட்டி மகிழ்கிறோம். இதே மாதிரி ஒரு விழா 1824ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடந்தது. அங்கிருந்த அரச இசைக் கழகத்தில் ஃபேனி என்ற பெண் பரிசு பெற்றாள். கூட்டத்தில் இருந்த அவளுடைய தம்பியின் கண்களிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது. பொறாமையா? இல்லவே இல்லை. அக்காள் என்றால் அவனுக்கு உயிர். அவள் படிக்கிறாள், நாம் மட்டும் கூலி வேலை செய்கிறோமே என்ற ஏக்கம்தான் அவனை அழ வைத்தது. அப்போது அவனுக்கு வயது 12. அந்தச் சிறுவனே பிற்காலத்தில் உலகம் போற்றும் நாவலாசிரியரான சார்லஸ் டிக்கன்ஸ்.

டிக்கன்ஸ் 1812ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். தகப்பனார் ஜான் டிக்கன்ஸ், கடற்படையின் சம்பள அலுவலகத்தில் எழுத்தர். நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் கிராணி. நல்ல மனிதர், கலகலப்பாகப் பேசுவார். ஆனால் வரவுக்கு மீறிச் செலவு செய்வார். கடைப் பாக்கி ஏறிக்கொண்டே போனது. 1824 பிப்ரவரியில், ரொட்டிக்காரருக்குக் கட்ட வேண்டிய 40 பவுன் கடனுக்காக அவரை மார்ஷல்சீ சிறையில் அடைத்துவிட்டார்கள். கடனைக் கட்ட முடியாதவர்களைச் சிறையில் போடுவது அக்கால இங்கிலாந்தின் சட்டம். கொஞ்ச நாளில் தாயாரும் சின்னப் பிள்ளைகளும் அந்தச் சிறைக்குள்ளேயே போய்க் குடியிருந்தார்கள்.

வீட்டுக் கஷ்டத்துக்காகச் சில நாள் முன்னதாகவே சார்லசை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். தேம்ஸ் ஆற்றங்கரையில் எலிகள் ஓடும் ஒரு பழைய கட்டடம். சப்பாத்துக்குப் பூசும் கருப்பு மை செய்யும் இடம். மைப் புட்டிகளின் வாயைக் காகிதத்தால் மூடி, நூல் கட்டி, லேபிள் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 10 மணி நேரம் வேலை. வாரக் கூலி ஆறு ஷில்லிங் போலக் கிடைத்தது. இரவில் வேறொருவர் வீட்டில் தனியே படுத்துக்கொள்வான்.

அங்கே பாப் ஃபேகின் என்று ஒரு பையன். சார்லஸுக்கு வயிற்றுப் பக்கம் வலி வந்து துடித்தபோது, காலி மைப் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி ஒத்தடம் கொடுத்தவன் அவன்தான். அன்று மாலை வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்று கூடவே நடந்தான். அப்பா சிறையில் இருப்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? வழியில் தெரிந்த யாரோ ஒருவர் வீட்டைத் தன் வீடு என்று காட்டி, கைகொடுத்து விடைபெற்று, கதவையும் தட்டினான் சார்லஸ். பாவம், அந்தப் பிஞ்சு மனதுக்குள் எவ்வளவு வெட்கம்!

சில மாதத்தில் தகப்பனார் வெளியே வந்தார். அப்போதும் சார்லஸ் வேலைக்குத்தான் போனான். அவன் அழுத அந்த விழா நடந்ததும் இந்தச் சமயத்தில்தான். பிறகு முதலாளி பக்கத்தாரோடு சண்டை வந்தது. இனி நீ படிக்கத்தான் வேண்டும் என்று தகப்பனார் அவனை நிறுத்தினார். தாயாரோ சமாதானம் பேசி அவனைத் திரும்பவும் வேலைக்கு அனுப்பப் பார்த்தார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று அந்த அம்மாள் நினைத்திருக்கலாம். ஆனால் மகன் அதைச் சாகும் வரை மறக்கவில்லை.

பள்ளிப் படிப்பு 15 வயதோடு நின்றது. பிறகு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சுருக்கெழுத்தைத் தானாகவே கற்று, நாடாளுமன்றச் செய்தியாளராக உயர்ந்தார். 1836இல் பிக்விக் பேப்பர்ஸ் என்ற தொடர்கதை தொடங்கியது. மாதம் ஒரு பாகம், விலை ஒரு ஷில்லிங். ஆரம்பத்தில் சில நூறு பிரதிகளே விற்றன. முடியும்போது மாதம் 40,000 பிரதிகள் விற்றன. அப்போது அவருக்கு வயது 25.

மாணவர்களே, ஒரு கதையைப் படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள் என்று வகுப்பில் நான் அடிக்கடி சொல்வேன். கதையில் வருபவர் எப்படிப்பட்டவர்? கதை எதைப் பற்றியது? கதையைச் சொல்பவர் யார்? பாத்திரம், கருப்பொருள், கதை சொல்லும் முறை என்று பெரியவர்கள் சொல்வது இவற்றைத்தான். டிக்கன்ஸை வைத்தே பார்ப்போம்.

முதலில் பாத்திரம். ஆலிவர் டுவிஸ்ட் (1837–1839) என்ற நாவலில் பசியோடு வரும் அநாதைச் சிறுவனுக்குச் சோறு போட்டு, திருடப் பழக்கும் கிழவன் ஒருவன் வருகிறான். அவன் பெயர் என்ன தெரியுமா? ஃபேகின்! வெந்நீர் ஒத்தடம் கொடுத்த நல்ல நண்பனின் பெயரைப் போய் ஒரு கெட்டவனுக்கு வைப்பார்களா? எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த நண்பனின் அன்பு, நீயும் எங்களில் ஒருவன்தான் என்று சொல்லித் தன்னை அங்கேயே இருத்திவிடுமோ என்று சிறுவன் பயந்திருக்கிறான். அந்தப் பயம்தான் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தகப்பனாரையும் அவர் விடவில்லை. டேவிட் காப்பர்ஃபீல்டு (1849–1850) நாவலில் வரும் மிக்காபர், சிக்கனம் பற்றி ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டுத் தானே கடனில் மூழ்குபவர். நமக்குச் சிரிப்பு வரும், அவர்மேல் பிரியமும் வரும். சிறைக்குப் போன அப்பாவை மகன் மன்னித்த விதம் அது.

அடுத்தது கருப்பொருள். ஏழ்மை குற்றமல்ல, ஏழைப் பிள்ளையைக் கைவிடும் சமுதாயமே குற்றவாளி என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னவர் டிக்கன்ஸ்.

மூன்றாவது, கதை சொல்லும் முறை. 1860–1861இல் வந்த கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவலைப் பாருங்கள். பிப் என்ற ஏழைப் பையனை அன்போடு பார்த்துக்கொள்பவர், கொல்லுப்பட்டறையில் உழைக்கும் அக்காள் கணவர் ஜோ. யாரோ கொடுத்த பணத்தில் இலண்டன் போய்த் துரை ஆகிவிட்ட பிப்பைப் பார்க்க ஜோ வருகிறார். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறார், தான் வளர்த்த பிள்ளையையே ஐயா என்கிறார். பிப்புக்கு அவமானமாக இருக்கிறது. இதையெல்லாம் நமக்குச் சொல்பவன் யார்? வயது முதிர்ந்த அதே பிப்! தன் தவற்றைத் தானே ஒளிக்காமல் சொல்கிறான். அதனால்தான் அந்தக் கதை நெஞ்சைச் சுடுகிறது. கடைசியில் பிப் நோயில் கிடந்தபோது ஓடி வந்து பணிவிடை செய்து, அவன் கடனையும் கட்டிவிட்டுச் சொல்லாமல் போகிறவர் அந்த ஜோதான்.

நாடகத்திலும் டிக்கன்ஸுக்கு அளவில்லாத ஆசை. 1858 முதல் தொழிலாகவே மேடையில் தனியாளாக நின்று, கதையில் வரும் எல்லாராகவும் தாமே பேசி நடித்து வாசித்தார். கூட்டம் அலைமோதியது. உடல் தாங்கவில்லை. 1869இல் மருத்துவர்கள் தடுத்தார்கள். 1870 மார்ச்சில் கடைசியாக வாசித்தவர், அதே ஆண்டு ஜூன் 9ஆம் தேதி 58 வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், கவிஞர்களுக்கான பகுதியில் அடக்கம் செய்தார்கள்.

இத்தனை புகழ் வந்தும், மைத் தொழிற்சாலைக் கதையை அவர் ஊருக்குச் சொல்லவேயில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலமே உலகம் அதைத் தெரிந்துகொண்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. டவுன் பள்ளியில் படித்த காலத்தில், அப்பா என்ன வேலை என்று கேட்டவர்களிடம் ஆபீஸ் வேலை என்று நான் சொன்னதுண்டு. என் அப்பா விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டியவர். அந்தக் கூலிதான் என்னை ஆசிரியராக்கியது. அவர் இருந்த காலத்தில் இதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாணவச் செல்வங்களே! யாராவது கேட்டால், அப்பா அம்மா செய்யும் வேலையைத் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். பெற்றோர்களே! எவ்வளவு கஷ்டம் வந்தாலும் பிள்ளையின் படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். இன்று மேடையேறாத பிள்ளையையும் வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் அணைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் மனதுக்குள் என்னென்ன கதை இருக்கிறதோ, யார் கண்டது?

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!