பச்சைக் குழந்தைக்குக் கண்புரை ஏன்?
ரகசியத்தைக் கண்டுபிடித்த டாக்டர் கிரெக்

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை. அதன் கண்மணியில் வெள்ளைப் படலம்! கிழவர்களுக்கு வருகிற கண்புரை, பால் குடிக்கும் குழந்தைக்கு எப்படி வந்தது?

1941-ம் ஆண்டில் இந்தக் கேள்வி ஒரு கண் டாக்டரை வாட்டியது. அவர் பெயர் நார்மன் கிரெக். ஊர், ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி.

போர்முனையில்

கிரெக் 1892-ம் ஆண்டு பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர். கிரிக்கெட், டென்னிஸ் விளையாட்டுகளிலும் சூரர். 1915-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அப்போது முதலாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கிரெக், பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். அவருடைய தீரத்தைப் பாராட்டி "மிலிட்டரி கிராஸ்" பதக்கம் கொடுத்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் இங்கிலாந்தில் கண் வைத்தியம் கற்றார். பிறகு சிட்னிக்குத் திரும்பி, அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தார். குழந்தைகள் ஆஸ்பத்திரியும் அவற்றில் ஒன்று.

வரிசையாக வந்தன

பிறவிக் கண்புரை அபூர்வமான நோய். ஆனால் 1941-ல் அத்தகைய குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பல குழந்தைகள் மெலிந்து இருந்தன. பால் குடிக்கவும் சிரமப்பட்டன. இருதயத்திலும் கோளாறு இருந்தது.

இது பரம்பரை நோயா? அப்படியானால், சம்பந்தமே இல்லாத இத்தனை குடும்பங்களில் ஒரே சமயத்தில் வருவானேன்?

கிரெக் நாட்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டார். இந்தக் குழந்தைகள் கருவில் உருவான 1940-ம் ஆண்டில், ஆஸ்திரேலியாவில் ஜெர்மன் தட்டம்மை பரவியிருந்தது. "ரூபெல்லா" என்பது இதுதான். காத்திருக்கும் அறையில் தாய்மார்கள் தங்களுக்கு வந்த அம்மையைப் பற்றிப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாகவும் சொல்வார்கள்.

உடனே ஒவ்வொரு தாயையும் விசாரித்தார். மற்றக் கண் டாக்டர்களிடமும் விவரம் கேட்டார். மொத்தம் 78 குழந்தைகளைப் பற்றிய விவரம் சேர்ந்தது. அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் இந்த அம்மை வந்திருந்தது! பெரும்பாலோருக்கு முதல் இரண்டு மாதங்களில் வந்திருந்தது.

நம்பவில்லை

1941 அக்டோபர் 15-ந் தேதி, மெல்போர்ன் நகரில் கூடிய கண் டாக்டர்கள் கூட்டத்தில் கிரெக் இதை வெளியிட்டார்.

எல்லோரும் நம்பிவிடவில்லை. லேசான காய்ச்சல், இரண்டு மூன்று நாள் தடிப்பு, அவ்வளவுதான் அந்த நோய். தாய்க்கே பெரிய துன்பம் தராத நோய், வயிற்றில் இருக்கும் சிசுவைக் கெடுக்குமா என்று சந்தேகப்பட்டார்கள். லண்டனில் வெளியாகும் "லான்செட்" மருத்துவப் பத்திரிகை 1944-ல், இது நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியது.

ஆனால், ஆஸ்திரேலியாவின் மற்றப் பகுதிகளிலும் இதே உண்மை தெரியவந்தது. சில குழந்தைகள் காது கேளாமல் பிறந்ததும் இதனால்தான் என்று புலப்பட்டது. 1951-ல் லங்காஸ்டர் என்ற கணித நிபுணர் பழைய ஜனத்தொகைக் கணக்குகளை ஆராய்ந்தார். அம்மை பரவிய காலங்களை ஒட்டியே செவிடான குழந்தைகள் அதிகம் பிறந்திருந்தார்கள். கிரெக் வென்றார்!

1953-ல் அவருக்கு "சர்" பட்டம் கிடைத்தது.

காணாத மருந்து

1964, 65-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ரூபெல்லா கடுமையாகப் பரவியது. சுமார் 20 ஆயிரம் குழந்தைகள் குறைகளுடன் பிறந்தார்கள். 1966-ல் கிரெக் தமது 74-வது வயதில் காலமானார். அமெரிக்காவில் தடுப்பூசி வழக்கத்துக்கு வந்தது 1969-ல்தான். அதைக் காண அவர் இல்லை.

தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு முதல், தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியைக் குழந்தைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் போட்டுவருகிறது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இதுதான். முதல் மூன்று மாதங்களில் வரும் ரூபெல்லாதான் மிகவும் ஆபத்தானது. கர்ப்பிணிகள் இந்த ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. போட்டபின் ஒரு மாதம் வரை கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது உடம்பில் தடிப்பு கண்டால், சாதாரண வேர்க்குரு என்று இருந்துவிடாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.