பறவையறிஞர் சலீம் அலி

நம் சூரியநெல்லிக்கு அண்மையிலுள்ள சாந்தன்பாறையில், 1933ஆம் ஆண்டில் முகாமிட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்தவர் டாக்டர் சலீம் அலி அவர்கள். மறையூர், மூணாறு, தட்டேக்காடு என நாம் பேருந்தில் கடந்து செல்லும் ஊர்கள் பலவும் அவருடைய குறிப்பேட்டில் இடம்பெற்றவை. இப்பெரியாரின் வரலாற்றை நம் இல்லத்துச் சிறுவர் அறிந்திருத்தல் நலம்.

1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்றிருந்தது. அஃது என்ன குருவி என்றறியும் ஆவலுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். அங்கே செயலாளராயிருந்த மில்லர்டு என்னும் ஆங்கிலேயர் ஐயத்தைத் தீர்த்ததோடு, பாடம் செய்து வைத்த பறவைகளையெல்லாம் திறந்து காட்டினார். சிறுவனை விரட்டாமல் விடை சொன்ன அந்த ஒரு பிற்பகலுக்கு இந்நாடு கடன்பட்டிருக்கிறது.

பர்மாவில் குடும்ப வாணிகம் பார்த்தார். அதில் மனம் ஒட்டவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் பணியேற்று, பின்னர் ஜெர்மனி சென்று பெர்லினில் ஸ்டிரேசுமான் என்னும் அறிஞரிடம் பயின்று 1930இல் திரும்பினார். திரும்பியவருக்கு வேலை காத்திருக்கவில்லை. பணமில்லை என்று அப்பதவியையே எடுத்துவிட்டிருந்தனர்! கற்றவருக்கு இந்நிலை நேர்வது நம் நாட்டில் புதிதன்று. கடலோரச் சிற்றூராகிய கிகிமில் குடியேறி, வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். ஆண்குருவி பாதிக் கூடு கட்டியதும் பெண்குருவி வந்து பார்த்து ஏற்கும். ஏற்ற பின் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கும். இதனை விரிவாக எழுதிப் புகழ் பெற்றார்.

வேலையற்ற அவர் சமஸ்தானங்களுக்கு ஓர் ஏற்பாட்டைத் தெரிவித்தார்: ஊதியம் வேண்டா, பயணச் செலவு மட்டும் போதும். இவ்வாறே ஐதராபாத்திலும், பின்னர் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளிலும் ஆய்வு நடந்தது. மனைவியார் தெஹ்மினா அம்மையார் வசதிகளைத் துறந்து கூடாரங்களில் உடன் வாழ்ந்தார். 1939இல் ஒரு சிறு அறுவை மருத்துவத்திற்குப் பின் அவர் மறைந்தது, சலீம் அலி வாழ்வின் பெருந்துயர். துயரிலும் பணி நிற்கவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலும், 1953இல் திருவிதாங்கூர் கொச்சிப் பறவைகள் பற்றிய நூலும் வெளிவந்தன. 1976இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 1983இல் தட்டேக்காட்டில் பறவைச் சரணாலயம் அமைந்தது. இன்று அது அவர் பெயரையே தாங்குகிறது. 1987 ஜூன் 20ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்த பின்னரே அக்குறிப்புகளின் மதிப்பு நன்கு விளங்கிற்று. உலகம் வெப்பமுறும் இக்காலத்தில், முன்பு எங்கே எந்தப் பறவை இருந்தது என்றறியாமல் இன்றைய மாறுதலை அளப்பது எங்ஙனம்? 2009ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அவர் முகாமிட்ட 19 இடங்களுக்கே மீண்டும் சென்றனர். 1933இல் அவ்விடங்களில் ஒரு மயிலும் பதிவாகவில்லை. 2009இல் பத்து இடங்களில் மயில் தென்பட்டது.

முருகனின் ஊர்தி வந்ததென்று நாம் மகிழலாம். ஆயினும் மயில் வறள்நிலத்துப் பறவை. அது பரவுவது, மழைவளம் மிக்க கேரளநாடு வறண்டு வருவதன் அடையாளமாயிருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். உயர்மலைச் சோலைகளிலேயே வாழும் சிரிப்பான் முதலிய சிறு பறவைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அடிவாரம் வெம்மையுற்றால் பிற பறவைகள் மேலேறும். இவையோ ஏற்கெனவே உச்சியில் இருக்கின்றன.