விக்டோரியா ராணிக்கு கணக்கு புத்தகம் அனுப்பினாரா ‘ஆலிஸ்’ எழுத்தாளர்? கணிதத்தில் காமெடி கலந்த லூயிஸ் கரோல் கதை!

1865-ல் வெளியான ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ கதையில் மயங்கிப்போன விக்டோரியா ராணி, இவர் அடுத்து எழுதும் புத்தகமும் தனக்கு வேண்டும் என்று கேட்டாராம். வந்து சேர்ந்ததோ, அணிக்கோவைகள் பற்றிய கணக்கு புத்தகம்! இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் சுவையான கதைதான். ஆனா, அப்படி நடக்கவே இல்லை. 1896-ல் அவரே இதை மறுத்துவிட்டார்.

நிஜப் பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன். 1832-ல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி கிராமத்தில், பாதிரியார் வீட்டில் 11 பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். 1855 முதல் 1881 வரை ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித விரிவுரையாளர். பேச்சு திக்கும். வகுப்பில் உட்கார்ந்தால் கொட்டாவி வரும் என்று பெயர் எடுத்தவர். ஆனா பேனாவைக் கையில் எடுத்தால் ஆளே வேறு.

யூக்ளிட் ஆவி வந்த கதை

யூக்ளிட்டின் ஜியோமெட்ரியை பள்ளிகளிலிருந்து தூக்கிவிட்டு புதுப் பாடநூல்களைக் கொண்டுவர வேண்டும் என்று அப்போது இங்கிலாந்தில் பெரிய விவாதம். டாட்ஜ்சன் யூக்ளிட் கட்சி. 1879-ல் அவர் கொடுத்த பதில், 4 அங்க நாடகம்!

நள்ளிரவு. மலை மாதிரி குவிந்த விடைத்தாள்களுக்கு நடுவே ஒரு வாத்தியார் தூங்கிப்போகிறார். யூக்ளிட்டின் ஆவி வருகிறது. போட்டிப் புத்தகங்களுக்காக வாதாட ஒரு ஜெர்மன் பேராசிரியரின் உருவத்தை அனுப்பிவைக்கிறது. அவர் பெயர் நீமாண்ட். ஜெர்மனில் ‘யாருமில்லை’ என்று அர்த்தம்! எதிர்க்கட்சி வக்கீலே ‘யாருமில்லை’ என்றால் தீர்ப்பு எப்படி இருக்கும்?

இதை வெறும் நக்கல் என்று ஒதுக்க முடியாது. இணைகோடுகள், தேற்றங்களின் வரிசை என்று ஒவ்வொரு புத்தகத்தையும் பிரித்து மேய்ந்திருப்பார். அறிவியல் எழுத்து என்றாலே முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வழக்கத்தில் தனக்கு நியாயம் தெரியவில்லை என்று முன்னுரையிலேயே போட்டுவிட்டார். வழக்கில் மட்டும் தோல்வி. 1900-களின் தொடக்கத்தில் தேர்வுகளில் யூக்ளிட்டின் பிடி தளர்ந்தது.

கொரில்லாவுடன் விளையாடாத பூனைக்குட்டி

கடைசிக் காலத்தில் அவர் தேடிப்போனது தர்க்கவியலை. 1886-ல் ‘தி கேம் ஆஃப் லாஜிக்’ புத்தகத்தோடு ஒரு அட்டையும் 9 காய்களும் கொடுத்தார். 1896-ல் ‘சிம்பாலிக் லாஜிக்’ முதல் பாகம்.

அதில் ஒரு கணக்கு. மீன் ஆசை, மீசை, வால், பாடம் கற்கும் திறமை என்று பூனைக்குட்டிகளைப் பற்றி 5 வாக்கியங்கள். கோர்த்துப் பார்த்தால், பச்சைக் கண் பூனைக்குட்டி எதுவும் கொரில்லாவுடன் விளையாடாது என்று முடியும்.

சிரிப்பு வருதுல்ல? அங்கேதான் விஷயமே. நமக்குத் தெரிந்த விஷயத்தைக் கொடுத்தால், யோசிக்காமலே விடையை ஊகித்துவிடுவோம். பச்சைக் கண்ணுக்கும் கொரில்லாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குத் தெரியும்? படிப்படியாக தர்க்கம் போட்டே ஆக வேண்டும். இந்த வித்தையை ஆக்ஸ்போர்டில் பெண்கள் பள்ளிக்கும் போய் சொல்லிக்கொடுத்தார்.

மொத்தம் 3 பாகம் எழுதத் திட்டம். 1898 ஜனவரி 14-ல் நிமோனியாவால் கில்ஃபோர்டில் இறந்தார். இரண்டாம் பாகத்தின் அச்சுப் பிழைதிருத்தத் தாள்கள் எங்கெங்கோ சிதறிக்கிடந்தன. அமெரிக்க தத்துவப் பேராசிரியர் வில்லியம் பார்ட்லி தேடிச் சேர்த்து 1977-ல் வெளியிட்டார்.